சேஷன் சாமியின் கூரை உயரும் வண்டி

கூரை உயரும் வேன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, ஜானவி. அந்தக் கூரையைச் சுற்றியிருக்கும் கான்வாஸ் துணியை ஈரத்தோடு மடித்து மூடினால் மூன்றே நாளில் பூசணம் பிடித்துவிடும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற திருவனந்தபுரத்தில் இதைச் சொல்லாமல் ஒரு வண்டியைக் கைமாற்றுகிறவனை நல்ல மனிதன் என்று சொல்ல மாட்டேன். உன் அப்பாவுக்கு அந்த வேனை விற்ற கோவளத்து ரிசார்ட்காரர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நேற்று என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்: "ஞாயித்துக்கெழமை அப்பாவை பெங்களூர் அழைச்சிண்டு போயிடறேன் மாமா. உங்களுக்கு இத்தனை நாள் பட்ட கஷ்டம் போறும்." நீ நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாய். ஆனால் கஷ்டம் என்றாயே, அது உறுத்தியது. உன் அப்பா எனக்கு ஒரு பாரம் என்று நினைத்திருக்கிறாய். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்திருந்தால் அந்த வார்த்தை உன் வாயில் வந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் எனக்கு முன்னே பின்னே ஆகிவிடும். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் ரிப்போர்ட் எழுதிய கை இது. எழுத்தில் வரிசையாக வரும்.

என்னைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. எங்களுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். டிப்போ ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். மனைவி உலகம்மை பத்து வருஷத்துக்கு முன்னால் தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன். வெறுங்காலோடு போய் பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஷெட்டில் நானும் ஒரு ரேடியோவும்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் உன் அப்பா சேஷன் சாமி வந்தார். கொரோனா காலத்தில் ஓட்டமில்லாமல் கோவளத்தில் ஒரு மாமரத்தடியில் நின்றுபோன கேம்பர் வேனை வாங்கிவிட்டார். கிரேன் வண்டி அதை இழுத்துவந்து உங்கள் அக்கிரகாரத் தெருவில் நிறுத்தியிருக்கிறது. தெரு முழுக்க அடைத்துக்கொண்டு நின்றதில் கோலம் போட இடமில்லை என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப்புறம் பூதலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார், ஷெட் இருக்கிறது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உன் அப்பா வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் வருவதைப் போல உள்ளே வந்தார்.

"செருப்பப் போடுங்க சாமி, ஆணி கெடக்கும்" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பார், முதல் நாளிலேயே அவர் கால் மேல் எனக்கு அக்கறை இருந்திருக்கிறது.

அடுத்த நாள் வேன் என் ஷெட்டுக்கு வந்தது. உன் அம்மாவும் வந்தார். கூரையைத் தூக்கி நிறுத்துகிற கேஸ் ஷாக் நான்கும் செத்துக் கிடந்தன. உன் அப்பா உள்ளே போய் நின்றுகொண்டு, தலையாலும் இரண்டு கையாலும் கூரையை முட்டித் தூக்கினார். தூக்கிவிட்டார், ஆனால் கீழே விட முடியவில்லை. விட்டால் தலையில் விழும். நான் ஓடிப்போய் ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்தேன். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோவர்த்தன மலைக்குக் கிருஷ்ணனோட ஒரு வெரல் போறும். இவருக்குப் பூதலிங்கம் வேண்டியிருக்கு பாருங்கோ" என்றார். எனக்கு அது எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேல் படுக்கையில் ஒரு முழுப் பாம்புச் சட்டை கிடந்தது. உன் அப்பா வெளியே வந்துவிட்டார். மாமி துடைப்பக் குச்சியால் அதை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அடுப்பு எங்கே வரும் என்று கேட்டார். அந்த வண்டி உன் அம்மாவின் ஆசை, ஜானவி. நாற்பது வருஷமாக ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு சமைத்தாயிற்று, இனிமேல் அடுப்புக்கு எதிரே ஜன்னல் வேண்டும், அந்த ஜன்னலில் தினமும் ஒரு புது ஊர் தெரிய வேண்டும் என்று அவர் கேட்டாராம். உன் அப்பா மறுபேச்சில்லாமல் வண்டி தேடப் போய்விட்டார்.

தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு வருவார்கள். ஃபிளாஸ்கில் காப்பி, தூக்கில் அடையோ ரவா உப்புமாவோ. துருப்பிடித்த அடித்தகட்டை அறுத்து எடுத்தோம், டிங்கரிங் பார்த்தோம், பட்டி போட்டு உரசினோம். தரைக்கு மரைன் பிளைவுட், அதன் மேல் விரிப்பு. சாலைக் கம்போளச் சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கி மாமி திரைச்சீலைக்கு மஞ்சள் துணி எடுத்தார். கான்வாஸ் முழுக்கப் புதிதாகத் தைத்துப் பொருத்தினோம். உன் அப்பாவுக்கு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் காலி மாத்திரை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுவார். "வலது கதவு, மேலே, பிடிவாதக்காரன்" என்று ஒரு டப்பா. "எங்கேயிருந்து என்று பூதத்துக்கே தெரியாது" என்று இன்னொன்று. என்னை அவர் பூதம் என்றுதான் கூப்பிடுவார். "என்ன ஓய் பூதம், இன்னிக்கு யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஏழு மணி வரை சிரிப்புத்தான். என் ரேடியோவை எப்போது நிறுத்தினேன் என்றுகூட நினைவில்லை.

எஞ்சின் முதல் தடவை உயிர் பெற்ற நாளில் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் உன் அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார். என் அண்ணன்கூட அப்படிப் போட்டதில்லை.

எட்டாவது மாதம், வேன் கதவின் உட்பக்கம் மாமி ஒரு பெரிய இந்தியா படத்தை ஒட்டியிருந்தார். சிவப்புப் பேனாவால் கோடு. கொல்லூர், கோகர்ணம், பண்டரிபுரம், அப்படியே மேலே மேலே போய் ரிஷிகேசம், பிறகு பூரி வழியாகத் திரும்பல். ஒரு வருஷப் பயணம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக முடிவு. வேலை எல்லாம் முடிந்தால் வண்டி போகும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் உண்மை அதுதான். டிப்போவில் நான் சரிசெய்த பஸ் எல்லாம் சாயங்காலம் திரும்பி வந்துவிடும்.

என்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள் என்று நினைக்காதே. மாமி நேராகவே கேட்டார்: "மேல ரெண்டு படுக்கை சும்மாதானே இருக்கு, நீங்களும் வாங்கோளேன்." முட்டி வலி என்று சொல்லி மறுத்துவிட்டேன். யோசித்துப் பார். வேனில் நான் மூன்றாம் ஆள். ஷெட்டில் நான் முதல் ஆள். யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

அந்த வாரம் ஒரு எர்த் வயரைக் கொஞ்சம் தளர்த்திவைத்தேன். அவ்வளவுதான். உள்விளக்குக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போட்டிருந்த இரண்டாவது பேட்டரி சார்ஜ் ஏறாமல் நின்றது. மூன்று வாரம் சேர்ந்து தேடினோம், மூன்று பேரும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு. கடைசியில் நானே கண்டுபிடித்தேன். அன்று மாமி பால் பாயசம் வைத்துக் கொண்டுவந்தார். நல்ல பாயசம்.

பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஓர் ஊசி ஓட்டை. தரை பிளைவுட் ஊறிப் பொதபொதவென்று ஆகி, திரும்ப முதலிலிருந்து போட்டோம். இரண்டாவது தடவை போட்டது முதலில் போட்டதைவிட நேர்த்தியாக வந்தது, உன் அப்பாவே சொன்னார். பிறகு ஃபிட்னஸ் டெஸ்டுக்குக் கொண்டுபோகும் நாளில் வைப்பர் ஓடவில்லை, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினார். வழியில் கூரையைத் தூக்கி ஆற்றங்கரையில் நிறுத்தி, தோசை வார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஃபெயிலானதற்கு அப்படிக் கொண்டாடியவர்களை நான் பார்த்ததில்லை. இப்படி ஒன்றரை வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

மாமிக்குத்தான் பொறுமை குறைந்தது. மூட்டு அவருக்கும் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வேன் படியில் ஏற என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபின், "பூதலிங்கம், கோவிச்சுக்கப்படாது. வேற யார்ட்டயாவது ஒருதரம் காட்டலாமா? இன்னும் ரெண்டு வருஷம் போனா நான் இந்தப் படி ஏற மாட்டேன்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அபின் என்பவரை நானே போன் செய்து வரச்சொன்னேன். நாற்பது வயது, நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறவர். அவர் வண்டிக்கு அடியில் அரை மணி நேரம் கிடந்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "இது தானே லூஸானதல்ல சாரே. ஆரோ லூஸாக்கியதாணு" என்றார்.

உன் அப்பாதான் சிரித்தார். "பூதத்துக்கு வயசாச்சு. முறுக்க மறந்திருப்பார். நாம மட்டும் மறக்கலையா என்ன" என்றார். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று தெரியும். ஆனால் ஜானவி, முப்பத்தோரு வருஷத்தில் நான் முறுக்க மறந்த ஒரு நட்டு கிடையாது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அபின் வண்டியைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய் எட்டே நாளில் முடித்துவிட்டார். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். முதலில் பொன்முடிக்குப் போய் இரண்டு நாள் தங்கிப் பார்ப்பது, வண்டி சரியாக இருந்தால் அடுத்த வாரம் பெரிய பயணம் என்று திட்டம். கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் வேனை என்னிடம் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தார்கள். காப்பி போட மாமி வீட்டுக்குள்ளே போனார், உன் அப்பா குழாயில் கை கழுவப் போனார். நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு தப்பாகப் பேசுவார்கள். நான் பிரேக்கைத் தொடவில்லை. பிரேக் ஆயில், டிஸ்க், பேட் எல்லாம் அபின் வைத்தபடியே இருந்தன. பெடலை மிருதுவாக்குவதற்கு பூஸ்டர் என்று ஒன்று உண்டு. அதற்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளிப்பைத்தான் தளர்த்தினேன். ஹோஸின் வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினேன், குலுக்கலில் தானாக நழுவட்டும் என்று. நழுவினால் பெடல் கல் மாதிரி ஆகும். பிரேக் பிடிக்காமல் போகாது. பலமாக மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கால் பலம் உள்ள ஆள் மிதித்தால் நிற்கும்.

என் கணக்குப்படி அது நெடுமங்காடு போவதற்குள் நழுவியிருக்க வேண்டும். சந்தை நெரிசலில் மெதுவாகப் போகிற வண்டி. பெடல் இறுகியதும் பயந்து ஓரம் கட்டுவார், எனக்குப் போன் வரும். மறுநாள் காலையில் குளித்து, டூல் பெட்டியை எடுத்துவைத்து, போனில் சார்ஜ் முழுக்க ஏற்றி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வரை வரவில்லை. பதினொன்றரைக்கு மாமி படம் அனுப்பினார், விதுரா தாண்டி ஆற்றோரத்தில் எடுத்தது. மத்தியானம் பொன்முடி. ஒரு விடுதி வளாகத்தில் வேன் நிற்கிறது, கூரை உயர்ந்திருக்கிறது, மஞ்சள் திரை. அடுப்புக்கு எதிரே ஜன்னல், ஜன்னல் நிறைய மூடுபனி. மாமி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். உனக்கும் அனுப்பியிருப்பார். நான் தைத்த கான்வாஸ் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

இரண்டு நாள் அவகாசம் இருந்தது. ஒரு போன் செய்து, அந்தக் கிளிப்பை ஒரு திருப்புத் திருப்பச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நானும் போனைக் கையில் எடுத்தேன். ஆனால் சொன்னால் அபின் சொன்னது சரி என்று ஆகிவிடும். அல்லது எனக்கு வயதாகிவிட்டது என்று ஆகிவிடும். இரண்டுமே நடக்காத காரியம். அதனால் "சூப்பர்" என்று மட்டும் பதில் போட்டேன்.

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவில் ஹோஸ் நழுவியது. உன் அப்பா இரண்டு காலையும் சேர்த்து மிதித்திருக்கிறார். அறுபத்தெட்டு வயதுக் கால்கள். வேன் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே போய், கூரை பக்கமாகக் கவிழ்ந்தது. மாமி அங்கேயே போய்விட்டார். உன் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். ஹோஸ் மோதலில் கழன்றது என்று விபத்து ரிப்போர்ட்டில் எழுதினார்கள். யாரும் அபினைக் கேட்கவில்லை. அவரும் தானாக வந்து சொல்லவில்லை. கடைசியாக வேலை செய்தது தன் ஒர்க்‌ஷாப் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும், பாவம்.

இனி நல்ல விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அக்கிரகாரத்து வீட்டில் படியும் நடையுமாக இருந்தது; சக்கர நாற்காலி உள்ளே போகாது. நீ அப்போது அப்பாவின் மேல் கோபமாக இருந்தாய். இந்த வயதில் மலைப் பாதையில் வண்டி ஓட்ட வேண்டுமா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். காரியம் முடிந்ததும் பெங்களூர் போய்விட்டாய். குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்குப் படி கிடையாது, என் முன்னறை விசாலம்; அவரை இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். குளிப்பாட்டுகிறேன், திருப்பிப் படுக்க வைக்கிறேன், மாமி செய்த பக்குவத்தில் அடை வார்க்கக் கற்றுக்கொண்டேன். பதினான்கு மாதத்தில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. டாக்டரைக் கேட்டுப் பார்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் தேறாது என்று ஓரம்கட்டிய வேனை நான் எடுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதலில் உன் அப்பா அதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். விட்டுப்பிடித்தேன். இப்போது தினமும் நான்கு மணிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவர் டார்ச் பிடிப்பார், நான் கூரையின் நசுங்கலைத் தட்டி எடுப்பேன். சில நாள் ஒன்றுமே பேச மாட்டார். போன மாதம் ஒரு போல்ட்டை டப்பாவில் போட்டு, "பெயர் வேண்டாம் ஓய்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்திருப்பார், முகம் மறுபுறம் இருந்தது.

தினமும் ஒரு தடவையாவது சொல்வார்: "என் கால்ல மட்டும் கொஞ்சம் பலம் இருந்திருந்தா அவ இருந்திருப்பா, பூதம். நான்தான் கொன்னுட்டேன்." ஒரு நாளும் நான் அவரைத் தனியாக விட்டதில்லை. "அதெல்லாம் நெனச்சு மனசப் புண்ணாக்காதீங்க சாமி, விதி" என்று சொல்லி முதுகைத் தடவிக்கொடுப்பேன். பெங்களூரில் நீ ஆபீஸ் போய்விட்டால் அதைச் சொல்ல யார் இருப்பார்கள்?

ஆகவே, ஆமாம். உன் அம்மாவின் சாவும் உன் அப்பாவின் கால்களும் என் கை செய்தது. ஒளிக்க எனக்கு எதுவும் இல்லை. இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவரிடம் மட்டும் காட்டாதே. தன்னால்தான் என்று நினைப்பதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, அதைக் கலைப்பது நல்லதல்ல. ஒரு மனிதனை இத்தனை தூரம் வேண்டும் என்று நினைக்கிற இன்னொருவன் இந்த ஊரில் இருக்கிறானா என்று மட்டும் யோசி. நேற்று நீ பெங்களூர் என்றதும் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். உனக்கு அது சந்தோஷமாகப் பட்டிருக்கும். என்னைப் பிரிய வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுதார். எனக்குத் தெரியும்.

நாளைக்குப் போவதற்காக நீ ஏற்பாடு செய்த வண்டி இன்று மத்தியானமே வந்து என் வாசலில் நிற்கிறது. டிரைவர் சாப்பிடப் போன நேரத்தில் சும்மா ஒரு தடவை குனிந்து பார்த்தேன். நல்ல வண்டி, ஒழுங்காகப் பராமரித்திருக்கிறார்கள். பின்சக்கரம் ஒன்றில் காற்று குறைவாக இருந்தது, நிரப்பிவைத்தேன். வேறு எதையும் தொடவில்லை, ஜானவி. என்னை நீ நம்பலாம்.